சந்தோசத்துக்குக் கட்டம் இல்லை

இல்லைப் பிள்ளை, வரதன் என்னை வீட்டை விட்டுக் கலைக்கேல்லை. தேங்காய்தான் கலைச்சது.

நீ சிட்னியிலயிருந்து வந்து இறங்கினதும் இறங்காததுமா, தாய் இஞ்ச கிளேட்டனில தனிய, மகன் அங்க ரோவிலில குடும்பமா எண்டதைக் கண்டிட்டு, "பெரியம்மா, உண்மையைச் சொல்லுங்கோ, மருமகளோட கொழுவலோ" எண்டு கேக்கிறாய். மருமகளோட கொழுவியிருந்தால் நான் நார்த்மீட்டுக்கு உன்னட்டையெல்லோ வந்திருப்பன். ஒரு தேங்காயால இவ்வளவும் நடக்குமோ எண்டு சிரிக்காத சிவகௌரி. ஒண்டில்லை, எட்டு.

இது வரதன்ர வாடகை வீடு. முந்தி எங்கட ஆக்கள் கலியாண வீட்டில கண்டால் பிள்ளையளின்ர படிப்பைக் கேப்பினம். இப்ப "எத்தினை வீடு?" எண்டுதான் முதல் கேள்வி. ஒரு வீடு மட்டும் வச்சிருக்கிற மனிசரை ஒரு வருத்தக்காரரைப் பாக்கிற மாதிரிப் பாக்கினம். அந்த அவமானம் தாங்காமல்தான் வரதன் இதை வாங்கினவன். வாங்கின கையோட காப்புறுதியும் எடுத்தவன். ஒன்பது வருசமாய்க் கட்டுறான், ஒரு சாமானும் உடையேல்லை எண்டு அவனுக்கு ஒரு மனக்குறை.

வீட்டில இருந்தது சடகோபன் எண்ட திருச்சிப் பொடியன். யூனிவசிட்டியில கொம்பியூட்டர் வேலை. மனிசி சந்திரகலா, ஒரு மகள் வர்ஷா. வாய் திறந்தால் "அங்கிள், அங்கிள்" எண்டு வெண்ணெய் மாதிரிப் பேச்சு. அவருக்கு இந்த நாட்டில நிரந்தரமாய் இருக்கிற பி.ஆர். கிடைச்சால் பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் அடிக்கிறதா நேர்த்தி. கிடைச்சுது. கோயிலுக்குப் போனால் அங்க நோட்டீஸ்: தேங்காய் அடிக்கிறவை முதலில படிவம் நிரப்போணும், பாதுகாப்புக் கண்ணாடி போடோணும், ஆளுக்கு மூண்டுக்கு மேல இல்லை. மூண்டை அங்க அடிச்சுப்போட்டு, மிச்சம் எட்டையும் இஞ்ச, இந்த வாசலில அடிச்சிட்டார். பிள்ளையாருக்குக் கடன் வைக்கலாமோ?

ஏழு தேங்காய் மரியாதையா உடைஞ்சுது. எட்டாவது, வாசல் தரை ரைல்ஸைப் பிளந்து, ஒரு சிரட்டைத் துண்டு எழும்பிக் கதவுக் கண்ணாடியையும் கொண்டு போச்சு.

பின்னேரமே பொடியன் ரோவிலுக்கு வந்திட்டார். கையில ஒரு டப்பா நிறையச் சட்னி. அடிச்ச தேங்காயை வீணாக்காமல் சந்திரகலா அரைச்சது.

"தப்பு என்னோடதுதான் அங்கிள். நானே ஆள வச்சு மாத்திக் குடுத்துடறேன்."

வரதன்ர முகத்தில, அவன்ர பிள்ளை பிறந்த அண்டைக்கு நான் பாத்த வெளிச்சம். "வேண்டாம் தம்பி. எங்களுக்குக் காப்புறுதி இருக்கு."

அதோட முடிஞ்சிருக்க வேண்டிய விசயம் அதிலதான் தொடங்கினது. வரதன் ஃபோனைச் சத்தமா வச்சுக் கதைச்சவன், நான் பக்கத்துக் கதிரையில இருந்து கேட்டனான். கொம்பனியில டெனிஸ் எண்டு ஒரு பிள்ளை. தங்கமான குரல்.

"தற்செயலாய் உடைஞ்சதோ?" எண்டு கேட்டா.

"இல்லை, தலைக்கு மேல தூக்கி எறிஞ்சுதான் உடைச்சவர். வீடியோவும் இருக்கு. மனிசி பேஸ்புக்கில போட்டிருக்கிறா."

"அப்ப குரோதத்தோட செய்தவரோ?"

"சீச்சீ. சரியான சந்தோசத்தில செய்தவர்."

அந்தப் பக்கம் கீபோட் தட்டிற சத்தம் கேட்டுது.

"சேர், படிவத்தில தற்செயலுக்கு ஒரு கட்டம் இருக்கு. குரோதத்துக்கு ஒரு கட்டம் இருக்கு. சந்தோசத்துக்குக் கட்டம் இல்லை."

"அப்ப என்ன செய்யிறது?"

"அவருக்கு உங்களோட ஏதும் கோவம் இருந்திருக்கோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எழுத்தில இருந்தால் நல்லம்."

எனக்கு இது புதினமில்லை. உன்ர பெரியப்பா ஊரில அரசாங்கக் கச்சேரியில கிளாக்காய் இருந்தவரெல்லோ. ஒருக்கால் ஒரு மனிசன் சைக்கிள் களவு போச்செண்டு முறைப்பாட்டுக்கு வர, இவர் அந்தச் சைக்கிளை நேரில கொண்டு வந்து காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினவர். ரெண்டு கிழமையால மனிசன் ஒரு சைக்கிளோட வந்து நிண்டவன். அது பெரியப்பான்ர சைக்கிள். சரி, அதை விடு.

அடுத்த நாள் வரதன் என்னையும் ஏத்திக்கொண்டு இஞ்ச வந்தவன். இதே குசினி மேசைதான். சந்திரகலா தேத்தண்ணி வச்சா.

"தம்பி, நீர் என்னில கோவமா இருக்கோணும்" எண்டான் வரதன்.

"ஐயோ, எதுக்கு அங்கிள்? நீங்க எவ்வளவு நல்லவர்."

"நல்லவன் எண்டால் காசு வராது. யோசிச்சுப் பாரும். ஏதாவது ஒரு குறை."

"ஒண்ணுமே இல்லையே. இந்தக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. பரவால்ல, கீழ வாளி வச்சிருக்கோம்."

"ஆ, அதை எழுதும்."

"ஹீட்டர் போன குளிருக்கே நின்னுபோச்சு. அதனால என்ன, ஸ்வெட்டர் போட்டுக்கறோம்."

"அதையும் எழுதும்."

பொடியனுக்கு எழுத வரேல்லை. மூண்டு நாளாய் ஒரு வரி, அதுவும் "அன்புள்ள அங்கிள்" எண்டு தொடங்குது. நான்தான் சொன்னனான், தம்பி, மனிசியைப் பக்கத்தில இருத்திப்போட்டு எழுதும் எண்டு. அது நான் விட்ட பிழை. சந்திரகலா பக்கத்தில இருந்து, "ஹீட்டர எழுதுங்க. வர்ஷாவுக்கு நெஞ்சுச்சளி வந்தத எழுதுங்க. வாடகைய ரெண்டு தடவ ஏத்துனத எழுதுங்க. ஏத்துன அன்னிக்கு நம்ம வீட்டுக் கேசரிய சாப்பிட்டுட்டுத்தான் சொன்னாருன்னு எழுதுங்க" எண்டு சொல்லச் சொல்ல, கடிதம் நாலு பக்கம் போச்சு. மூண்டாம் பக்கத்தில பொடியன் மனிசியை முந்தி எழுதத் தொடங்கினாராம். தனக்கு இவ்வளவு கோவம் இருந்ததே அப்பதான் தெரிஞ்சதாம்.

வரதன் அதை வாசிச்சான். முதல் பக்கத்தில, "நல்லா எழுதியிருக்கிறார்" எண்டு சிரிச்சான். ரெண்டாம் பக்கத்தில சிரிப்பு நிண்டிட்டுது. கேசரி வந்த இடத்தில கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். பிறகு அவனும் ஒரு பதில் எழுதினான்: "மேற்படி குற்றச்சாட்டுகளை நான் வன்மையாக மறுப்பதுடன், மேற்படி கேசரியில் சீனி போதாது என்பதையும் இத்தால் அறியத்தருகிறேன்." தகப்பன்ர கச்சேரி ரத்தம் எங்க போகும்?

ரெண்டு பேற்ற கடிதமும் இங்கிலீசாகிக் கொம்பனிக்குப் போச்சு. டெனிஸ் வாசிச்சுப்போட்டு ஃபோன் எடுத்தா. இவ்வளவு தெளிவான குரோதத்தைத் தான் கன காலமாய்க் காணேல்லையாம். கட்டத்தில புள்ளடி போட்டாச்சு. காசு வந்திட்டுது. அந்தா பார், புது ரைல்ஸ், புதுக் கண்ணாடி. செருப்போட ஏறாத.

காசோட ஒரு நிபந்தனையும் வந்தது. குரோதம் நிரூபிக்கப்பட்ட ஒருத்தரைத் தொடர்ந்து குடிவச்சிருக்கிற வீட்டுக்குக் காப்புறுதி இல்லை. வரதன் உடன டெனிஸுக்கு ஃபோன் எடுத்தான்.

"அவர் நல்ல பொடியன்" எண்டான்.

"சேர், அப்பிடியெண்டால் உங்கட கடிதங்கள் பொய்யோ?" எண்டு கேட்டா அந்தத் தங்கக் குரல்.

கடிதங்கள் பொய்யில்லை எண்டுதான் சொன்னான். அது உண்மையும்தான். சடகோபன் வீட்டைக் காலி செய்தார்.

செய்துபோட்டு எங்க போறது? வீட்டு ஏஜென்ட்மார் எல்லாரும் ஒரு கொப்பி வச்சிருக்கினமாம், அதில இவற்ற பேர் ஏறீட்டுது. போற இடமெல்லாம் வடிவாச் சிரிச்சு விண்ணப்பத்தை வாங்கி, பேரைத் தட்டிப் பாத்திட்டு, "வீடு போயிட்டுது" எண்டு சொல்லுவினம். பதினாலு வீடு பாத்தவர். ஒரு வீட்டுக்காரர் மட்டும் நேரில கேட்டவராம், நீர் வீட்டுக்காரரோட கோவத்தில வாசலை உடைச்சனீரோ எண்டு. இல்லை சார், சாமி கும்பிட்டேன் எண்டிருக்கிறார். அந்த மனிசன் அதைக் கேட்டு இன்னும் பயந்திட்டுதாம். வர்ஷாவின்ர பள்ளிக்கூட விடுமுறை முடிய ஒரு கிழமைதான் இருந்தது. பிள்ளை சூட்கேசுக்கு மேல இருந்து வீட்டுப்பாடம் செய்ததைக் கண்டவுடன, நான் வரதனிட்டைச் சொன்னனான், என்ர அறையைக் குடு எண்டு. எங்கட ரோவில் வீட்டுப் பின்வளவில ஒரு அறை, குளியலறை, சின்னக் குசினி எண்டு எனக்குக் கட்டித் தந்ததெல்லோ. வாடகை வாங்கினால் அவர் குடியிருப்பாளர், கொம்பனி விடாது. வாங்காட்டில் விருந்தாளி, விருந்தாளியின்ர குரோதத்தைப் பற்றிக் கொம்பனிக்குக் கவலையில்லை. அதால வாடகை இல்லாமல் இருக்கினம்.

அதுக்குள்ள டெனிஸ் திரும்ப எடுத்தா. வீடு அறுபது நாளுக்கு மேல வெறுமையாக் கிடந்தால் காப்புறுதி போயிடுமாம். ஆராவது ஒருத்தர் அங்க சாப்பிடோணும், படுக்கோணும். புது ஆக்களுக்கு விடலாமே எண்டு கேப்பாய். விடலாம், ஆனால் குரோதச் சம்பவம் நடந்த வீடெண்டு எழுதிக் காட்டோணுமாம், அதை வாசிச்சுப்போட்டு ஆர் வருவினம்? அப்பதான் எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தவை. நான் சாப்பிடுவன், படுப்பன். தகுதி இருக்கு.

அப்பிடித்தான் பிள்ளை, வாடகைக்காரர் என்ர அறையில, நான் வாடகைக்காரற்ற வீட்டில. வரதனுக்கு அங்கயும் வாடகை இல்லை, இஞ்சயும் இல்லை, காப்புறுதி மட்டும் உறுதியா இருக்கு. சடகோபன் எழுதின நாலு பக்கத்திலயும் ஒரு சொல் பொய்யில்லை எண்டு இஞ்ச வந்து முதல் நாள் இரவு குளிரில விறைச்சாப் பிறகுதான் எனக்கு விளங்கினது. பெத்த மகன் எண்டு நாக்கைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன்.

இப்ப வரதனும் சடகோபனும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுகினம், சந்திரகலா கேசரிக்குச் சீனி கூடப் போடுறா. ஆனால் வெளியில கண்டால் கதைக்கேலாது. சிநேகிதமாய்த் திரியிறதை ஆராவது கண்டு கொம்பனிக்குச் சொன்னால் பொய்க் கோரிக்கை எண்டு வழக்கு வந்திடும். கோயிலில ஒருத்தர் இடப்பக்கம், ஒருத்தர் வலப்பக்கம், முகத்தை நீட்டிக்கொண்டு நிக்கினம். ஐயர் பாவம், ரெண்டு பேருக்கும் தனித்தனியா வீபூதி கொண்டு போய்க் குடுக்கிறார்.

கொஞ்சம் பொறு, கார் ஒண்டு வந்து நிக்குது. சடகோபன்தான், எனக்குச் சாமான் கொண்டு வாறவர். பின்னால நிக்கிற வெள்ளைக் கார் ஆற்ற? கையில ஃபைலோட ஒரு பெம்பிளை இறங்குது. காப்புறுதிக் கொம்பனி ஆள் போல, இண்டைக்கோ வீடு பாக்க வரவேணும்.

தம்பி சடகோபன், சிரிக்காதையும். அந்த வாசலிலயே நிண்டு என்னை ரெண்டு ஏச்சு ஏசும், ஓம், உரத்து. ஏசிப்போட்டு அந்த அரிசி மூட்டையை உள்ள கொண்டு வாரும்.