பல்லி சார் சொன்ன ஒரே பொய்

சுவரில் பல்லி 'ச்சு ச்சு' என்றால் மற்றவர்கள் தரையைத் தட்டுவார்கள். எனக்கு வலது ஆள்காட்டி விரல் அரிக்கும். எழுந்ததும் பல்லிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மனிதர்களைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிற இன்னோர் ஆள் அம்பத்தூர் முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார். பல்லி சார்.

எண்பதுகளின் கடைசி. அவருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் லேப் வேலை. குடியிருந்தது எனக்கு எதிர் அறை. ஊறுகாய் பாட்டில்களில் உயிரோடு ஏழு பல்லிகள், ஏழும் வாலறுந்தவை. வால் திரும்ப முளைக்கிறதே, அதற்கு உடம்பே தயாரிக்கிற குட்டிப் புரதத் துண்டு ஒன்று காரணம், பெப்டைடு என்று பெயர், அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்றிருந்தார்.

"காயம் பட்ட எடத்துக்கு உடம்பு போடற கடுதாசிப்பா அது. 'வா, வந்து மூடு'ன்னு."

அவரும் பேராசிரியர்களுக்கெல்லாம் கடுதாசி போட்டார். பதில் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணிக்கு மட்டும் பாட்டிலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவார்.

நான் தகடு வெட்டிக்கொண்டிருந்த பவர் பிரஸ் என் விரல் நுனியைத் தின்ற மாதம் அது. கட்டோடு கிடந்தேன். கம்பெனிச் சங்கு ஊதும்போதெல்லாம் இல்லாத நுனி ஷிப்டுக்குக் கிளம்பப் பார்க்கும். எட்டிப் பார்த்தவர் அவர் ஒருவரே. "காட்டு" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் நான் அளவெடுக்கிற வெர்னியரை வாங்கி, வால்களை அளந்த கையோடு விரலையும் அளந்தார். நோட்டில் ஏழு வால்கள், எட்டாவது நான்.

"கொஞ்சம் கூட்டி எழுதுங்க சார்."

"பொய் எழுதினா பல்லி மூஞ்சில எப்பிடிப்பா முழிக்கிறது?"

ஹவுஸ் ஓனர் அம்மா தனியாள். அவருக்கு ஒரே நிபந்தனை: பல்லி பாட்டிலை விட்டு வந்தால், சார் அறையை விட்டுப் போக வேண்டும்.

ஒரு காலை, குழாயடியில் அம்மாவின் உச்சந்தலையில் ஒரு பல்லி விழுந்தது. முழு வாலோடு, சுவரில் திரிந்த ஊர்ப்பல்லி. நானும் சாரும் கண்ணால் பார்த்தோம். தலையில் விழுந்தால் மரணம் என்று காலண்டரின் பின்பக்கம் போட்டிருந்தது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"கொள்ளி போடக்கூட எனக்கு யாரு சார் கீறா?"

பல்லி சார் ரொம்ப நேரம் தன் பாட்டில்கள் இருந்த பக்கமே பார்த்தார்.

"அது எம் பல்லிம்மா. தானா விழல. நான்தான் கைதவறிப் போட்டேன்."

"மெய்யாலுமா? அப்ப பலன் இல்லியா?"

"தானா விழுந்தாத்தானேம்மா பலன்."

அம்மா எழுந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்தார். "நல்லா இருப்ப சார். நாளைக்கு ரூமைக் காலி பண்ணிடு."

பாதி முளைத்த ஏழு வால்களையும் அதே சுவரில் விட்டார். வேறு அறை தேடாமல் ஊருக்கே கிளம்பினார்; ஸ்டேஷன் வரை நானும் போனேன். ரயில் வந்ததும் நோட்டை எடுத்து, என் விரலைக் கடைசியாக அளந்து எழுதினார். ஒரு தாளைக் கிழித்து அதில் தன் ஊர் விலாசம் குறித்து, வெர்னியரோடு என் பையில் செருகினார். வண்டி நகர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"முளைக்காதுப்பா. மூடிக்கும். வாராவாரம் அளந்து கடுதாசி போடு."