தொப்பையில் மணி நாலேகால்

லீவு எடுத்த பதினைந்து நாளும், எமனே வந்து எழுப்பினாலும் காலை எட்டு மணிக்கு முன்னால் கண் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை எனக்கு. பதினெட்டு வருஷமாக இருட்டில் எழுந்துபோய் முதல் பஸ்ஸை அனுப்பிவருகிறேன். அலுத்துவிட்டது.

முதல் நாளே மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“ஏங்க, ஸ்கூல் திறக்கறதுக்குள்ள இதுங்க படிச்சதெல்லாம் மறந்துடும். ஏழு மணிக்குக் கோடை வகுப்பு இருக்காம். நீங்க ஆறு மணிக்கு எழுந்து கூட்டிட்டுப் போயிடுங்க.”

“ஆறு மணிக்கா?”

“லீவுதானே?”

மகளுக்குப் பத்து வயது. வீட்டில் அவள் பெயர் கேள்விக்குறி. மகனுக்கு ஏழு. அவன் வால். இருவரும் என்னையே பார்த்தார்கள். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த வாத்தியார் அவசரமாக விழித்துக்கொண்டார்.

“லீவுலயும் நாலு சுவத்துக்குள்ள அடைக்கறதா? வெளியில விளையாடிக்கிட்டே படிக்கட்டும். தினம் மத்தியானம் பூங்காவுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்களா?”

“நானேதான்.”

“தூங்க மாட்டீங்களே?”

“சேச்சே! பிள்ளைங்க படிப்பு விஷயம்!”

அவள் வீட்டிலேயே தையல் தைப்பவள். மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துணியில் கத்திரி வைக்கும் முன் பார்க்கும் பார்வை அது.

“சரி, ஒரு நாள் பார்க்கலாம். ஏதாவது கத்துக்கிட்டு வந்தா வகுப்பு வேண்டாம்” என்றாள். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு எதையோ கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலாக்கும் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குப் பூங்கா. நான் கண்டுபிடித்த விளையாட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அதுதான் அதன் சிறப்பு.

“இந்த மரத்து நிழல் எவ்வளவு நேரத்துல எவ்வளவு நகருதுன்னு குறிச்சுக்கிட்டே வாங்க. சத்தம் போட்டா நிழல் பயந்துடும்.”

“நிழலுக்குக் காது ஏதுப்பா?” என்றாள் கேள்விக்குறி.

“அதையும் நீயே கண்டுபிடி” என்று சொல்லிவிட்டு, நிழலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் காலை நீட்டினேன். ஐந்தே நிமிஷம் என்றுதான் நினைத்தேன். வால் என் மூக்கைப் பிடித்தபோது மணி ஐந்து. உடம்பெல்லாம் வெயில்.

திரும்பும் வழியில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பொறுப்பான அப்பா என்று பாராட்டுகிறார்களாக்கும் என்று நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியில் சாய்ந்தேன். “அப்பப்பா! ரெண்டு மணி நேரம் உட்காரக்கூட முடியலை. இதுங்க பின்னாடியே ஓட்டம்.”

மனைவி சிரிக்கவில்லை.

“கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

பார்த்தேன். பாதத்திலிருந்து காலர் வரை என் மேல் நீலநிறத் தையல் சாக்பீஸ் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மணி. முழங்காலில் மூன்று இருபது. இடுப்பில் மூன்றே முக்கால். தொப்பை உச்சியில் நாலேகால்.

“அசையாத பொருள் மேல கோடு போட்டாத்தான் கணக்கு சரியா வரும்னு அம்மா சொன்னாங்க” என்றாள் கேள்விக்குறி. “அப்பா அசையவே இல்லை. ஆனா தொப்பையில மட்டும் நிழல் ஏம்மா மெதுவாப் போச்சு?”

“மலை ஏற நேரம் ஆகாதா?”

“சாக்பீஸ் குடுத்து அனுப்பினது நீதானா?” என்றேன்.

“இஞ்சு டேப்பும்தான். பன்னிரண்டு வருஷமா உங்க அளவு எனக்குத் தெரியாதா?”

மானம் போனது போகட்டும். தூக்கமாவது மிஞ்சுமா?

“அப்போ... வகுப்பு?”

“வேண்டாம். ரெண்டும் இவ்வளவு ஆசையாக் கணக்குப் போட்டு நான் பார்த்ததே இல்லை.”

எனக்கு உயிர் வந்தது. வாலைத் தூக்கி முத்தம் கொடுத்தேன்.

“ஆனா மத்தியான நிழலை மட்டும் அளந்தா பாதிக் கணக்குதானே? சூரியன் கிளம்பறப்பவே ஆரம்பிக்கணுமாம். மாடி வீட்டுப் பிள்ளைங்க நாலு பேரும் வருதுங்க. நீங்க அஞ்சு மணிக்கு எழுந்து, பூங்காவுல போய்ப் படுத்துக்கோங்க.”

கோடை வகுப்பென்றால் ஆறு மணிக்கு எழுந்தால் போதுமாயிருந்தது.