கைநாட்டுக்கு வந்த தட்டுப்பாடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் கல்லாமையை அடியோடு ஒழிப்பதென்று மேலிடம் தீர்மானித்தபோது, மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்கு டேப் ரிக்கார்டர் வந்து இறங்கியது. வாத்தியார் வரவில்லை. பெட்டியே பாடம் சொல்லும்போது வாத்தியார் எதற்கு?

அந்தக் குப்பத்துத் தனக்கோடிக்கு ஏக சந்தோஷம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் வலைக்கு நைலான் நூல் வாங்கப் போகும்போதெல்லாம், எழுத்தர் கண்ணாயிரம் அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி, "வாம்மா கைநாட்டு மகாராணி" என்பான். அவன் கண்ணெதிரே தன் பேரை எழுதிக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது.

"கரும்பலகையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். இது அ" என்றது பெட்டி. கரும்பலகை அடுத்த நிதியாண்டில் வருவதாக இருந்ததால் எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். கரைவலை இழுக்கும்போது முன்னால் நிற்பவர் கொடுக்கும் குரலை அப்படியே திருப்பிக் கொடுத்துப் பழகிய ஜனங்கள். பெட்டி சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. பாடத்தைப் பதிவு செய்த கல்வி அதிகாரி கங்காதரனுக்கு அன்று சளி. 'ஆ'வுக்கும் 'இ'க்கும் நடுவில் அவர் இருமிய இடத்தில் குப்பமே இருமியது.

சில மாதம் கழித்து கங்காதரன் செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் வந்து பரீட்சை வைத்தார். உயிரெழுத்துகள் இருமலோடு முழங்கின. தன் இருமலை ஊர் வாயால் கேட்ட மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாரு, எழுதறது எப்போ?" என்று கேட்டாள் தனக்கோடி.

"அம்மா, அது திட்டத்தில் இல்லை" என்றார் அவர் கனிவாக. குப்பம் நூற்றுக்கு நூறு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அடுத்த முறை நூல் வாங்கப் போனபோது கண்ணாயிரம் மைப்பெட்டியை இழுத்து மூடினான்.

"கையெழுத்து போடு."

"இன்னா அண்ணாத்த, எனக்கு எங்க வருது?"

"வரும்னு ஆர்டர் வந்துகீது. படிச்சவங்க கைநாட்டு செல்லாது."

"நான்தான் படிக்கலைன்னு சொல்றேனே."

"அத்த மனுவா எழுதிக் குடு. சொந்தக் கையால எழுதணும்."

தனக்கோடிக்கு அழுகை முட்டியது. வலை கந்தலாகக் கிடந்தது. நூல் இல்லையென்றால் கடலும் இல்லை, கஞ்சியும் இல்லை. கண்ணாயிரத்துக்கே மனசு கேட்கவில்லை.

"பக்கத்துக் குப்பத்துக்கு இன்னும் பொட்டி வர்ல. அங்கேருந்து யாரையாச்சும் இட்டுனு வா. அவங்க வெச்சா செல்லும்" என்றான்.

அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் ஆராயியை தனக்கோடி கையோடு கூட்டிவந்தாள். ஆராயி ஜம்மென்று விரலை வைத்தாள். நூல் கிடைத்தது. மையைத் தலையில் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரம் எங்களுக்கும் பொட்டி வருதாம் அண்ணி. நானும் படிச்சிடுவேன்" என்றாள்.

கண்ணாயிரம் பதறிப்போய் வெற்றுத் தாள்களைக் கட்டாக அவள் முன் வைத்தான். "அதுக்குள்ள இதுலயும் வெச்சுடும்மா."

தனக்கோடி நாத்தனாரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், படித்த குப்பம் முழுவதும் வரிசையில் நின்றது. அதில் யாருக்கோ இருமல் வந்தது. உடனே எல்லாரும் இருமினார்கள்.

ஆராயி மட்டும் திருதிருவென்று விழித்தாள். அவள்தான் இன்னும் படிக்கவில்லையே.