கபீரின் எதிர்ச்சொல் நோட்டு

இயேசு மரி சூசை

காரைக்கால்
16.9.1979

அன்புள்ள இருதயமேரி அக்காவுக்குத் தம்பி அந்தோணிமுத்து எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். அங்கும் சுகம் என்று நம்பி எழுதுவதே முறை. உனக்கு ஒரு வாரமாக இருமல் என்று அத்தான் எழுதிவிட்டதால் முறை கெட்டுவிட்டது. மிளகு ரசம் வைத்துக் குடி.

செய்தி இதுதான். கபீர் துபாய் போகவில்லை. காரணம் நான் என்று கடைத்தெருவே சொல்கிறது. நேற்று வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து வீட்டில் இருந்த எனக்குக் கிடைத்த ஒரே மாணவர் இந்தக் கபீர். வயது முப்பது. ஜவுளிக்கடை படுத்துவிட்டது. துபாயில் ஒரு ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நேர்முகத்தில் இங்கிலீஷில் பேச வேண்டும். அதற்கு மூன்று மாதம் டியூஷன். அவர்கள் வீட்டில் வெளி ஆண்கள் முன்கூடத்தோடு சரி. உள்ளே போகும் வாசலில் பச்சைத் திரை. பாடம் முடிந்ததும் காலி டீ டம்ளரோடு நோட்டும் திரைக்கு உள்ளே போகும். மறுநாள் வீட்டுப்பாடம் முடிந்து வெளியே வரும். என் எதிரில் கபீர் எழுதி நான் பார்த்ததில்லை. கேட்டால் "ம்" என்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

இங்கிலீஷில் 'ரன்' என்று ஒரு வினை இருக்கிறது. ஆள் ஓடுவது, குழாயில் தண்ணீர் வருவது, தியேட்டரில் படம் ஓடுவது, கடை நடத்துவது, எல்லாவற்றுக்கும் அதுவே. பொருளுக்குப் பொருள் எதிர்ச்சொல் வேறு. அவற்றை எழுதி வரச் சொன்னேன். ஆளுக்கு 'நட'. குழாய்க்கு 'நில்'. படத்துக்கு 'தூக்கிவிட்டார்கள்'. கடைக்கு 'மூடு'. எல்லாம் சுத்தமான இங்கிலீஷில். வீட்டை விட்டு ஓடிப்போவதற்கு 'திரும்பி வா' என்று எதிர்பார்த்தேன். நோட்டில் 'வீட்டில் இருந்து சூடாகச் சாப்பிடு' என்று இருந்தது. தப்பு போட்டேன். யோசித்துவிட்டு அடித்து, சரி போட்டேன். இந்த மனிதருக்குள் இவ்வளவா என்று ஏஜெண்டுக்குச் சிபாரிசுக் கடிதமும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில் நேர்முகம். நானும் போனேன். போகிற பஸ்ஸில் கபீர் நோட்டை முதல்முறையாகப் பிரித்து, எதிர்ச்சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தார். உள்ளே அதிகாரி, ஸ்டோரை நடத்துவீர்களா என்று கேட்டது கதவுக்கு வெளியே எனக்கே கேட்டது. கபீர் கணீரென்று சொன்னார்: மூடுவேன். பத்து நாளில் துபாய் வருவீர்களா என்றார் அதிகாரி. போய்விடுவேன் என்றார் கபீர், 'வா'வுக்கு நோட்டில் 'போ' என்று இருந்ததால். மூன்றாவது கேள்வி இல்லை.

நேற்று அவருடைய தாயார் ஆஸியா பீவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சிபாரிசுக் கடிதத்தை என் தலையில் கிழித்துப் போடுவார் என்றே போனேன். கபீர் மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சஃபியாவின் குரல்.

"சார் மேல தப்பில்லைங்க மாமி. திரைக்கு இந்தப் பக்கம் பாடத்தைக் கேட்டு, நோட்டு முச்சூடும் நான்தான் எழுதுனேன். இவங்க படிச்சா போயிருவாங்க."

அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். முதலில் வாய் திறந்தது ஆஸியா பீவி. "சாரு, நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. ஆளுதான் மாறிப்போச்சு."

கபீர் திரையைப் பார்த்துக் கேட்டார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

கபீர் எழுந்து, மத்தியானச் சோற்றுக்கு என்ன ஆணம் என்று கேட்டுக்கொண்டே திரையை விலக்கி உள்ளே போனார். மூன்று மாதத்தில் அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு இவ்வளவுதான்.

அக்கா, யாருக்குப் பாடம் எடுக்கிறோம் என்றே தெரியாதவன் வாத்தியாராக இருக்கக் கூடாது. அத்தான் சொன்ன பாண்டிச்சேரி குமாஸ்தா வேலைக்கு ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெட்டி கட்டியாயிற்று. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உன் இருமலையும் சேர்த்துக் காப்பாற்றட்டும்.

அன்புள்ள தம்பி,
அந்தோணிமுத்து

பி.கு.: தபாலில் போடும் முன் கபீரே வந்துவிட்டார். சஃபியா பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறாளாம். வேறு வாத்தியார் வேண்டாமாம். அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பெட்டியை அவிழ்த்துவிட்டு இன்றே முதல் பாடம் எடுத்தேன். அவள் திரைக்கு அந்தப் பக்கம், கபீர் என் பக்கம். நான் கேள்வி கேட்டால் அவருக்குத்தான் வியர்க்கிறது.