மறுபடியின் சந்திர யாத்திரைத் திட்டம்

அமெரிக்காக்காரர்கள் சந்திரனுக்குப் போவதை நிறுத்தியதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஒரே காரணம்தான். அவர்களிடம் மறுபடி மாதிரி ஓர் ஆள் இல்லை.

மறுபடி என்பது பட்டப்பெயர். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. நானே தினமும் அதற்கு நேரே டிக் போட்டிருக்கிறேன். ஆனாலும் இன்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எழுபதுகளின் பின்பாதி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே போல்ட்டும் நட்டும் செய்கிற சின்னக் கம்பெனி. அதில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அவர் கம்ப்ரசர் ஆபரேட்டர். ஓயாமல் இரைகிற அந்தக் காற்று மிஷின் பக்கத்திலேயே காலம் தள்ளியதால், அவர் ரகசியம் சொன்னாலும் அடுத்த ஷெட்டில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சார், சந்திரனுக்கு மறுபடியும் போவணும்.”

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். “மறுபடியுமா? நீங்க எப்போ போனீங்க?”

“இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? போனமே! பேப்பர்லகூட போட்டாங்களே, பாக்கல?”

“அது அமெரிக்காக்காரங்க போனது.”

“அவங்க மட்டும் வேறயா? மனுசங்கதானே? நாம போனோம், கொடி நட்டோம், மண்ண அள்ளிகினு வந்தோம். அப்பால அம்போன்னு வுட்டுட்டோம். கொண்டுபோன சாமானெல்லாம் அங்கியே கீது. யாரு போயி பாக்கறது?”

ஏதோ நான்தான் சாமானைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த மாதிரி எனக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது.

இந்த ‘நாம’வால் கம்பெனியில் குழம்பாத ஆளே கிடையாது. துபாய்க்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. புதிதாக வந்த லேத் ஆபரேட்டர் ஒருவர் இவரும் வெளிநாடு போய் வந்தவர் என்று நம்பி, பாஸ்போர்ட் எப்படி எடுப்பது என்று இரண்டு நாள் பின்னாலேயே அலைந்தார்.

ஆனால் திட்டம் என்று வந்துவிட்டால் மறுபடியிடம் குழப்பமே இருக்காது. “அவசரப்பட்டா பூட்ச்சு சார். மொதல்ல ஆளில்லாம அனுப்பணும். அடுத்தது, ஆளோட போயி சுத்திகினு திரும்பி வந்துடணும், எறங்கப்படாது. அதுக்கப்பாலதான் எறங்கறது” என்பார்.

முதல் சோதனை ஒரு மதிய இடைவேளையில் நடந்தது. காலி கிரீஸ் டின்னுக்குத் தகட்டில் இறக்கை வைத்து, கம்ப்ரசர் குழாயின் வாயில் செருகி, வால்வைத் திறந்தார். டின் காம்பவுண்டைத் தாண்டிப் பறந்து, பக்கத்துக் கொல்லையில் கூழ் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைப்பாக்கத்து விவசாயி முன்னால் போய் விழுந்தது. மனிதர் டின்னைக் கையில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றார்.

“யோவ், இன்னாய்யா இது? மண்டைல வுழுந்திருந்தா?”

“வுழலையே! எந்தாண்ட வுழுந்துச்சு? வரப்புக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?”

“அந்தாண்ட.”

“அந்தாண்டயா!” மறுபடியின் முகம் மலர்ந்தது. “வாங்க, அளந்துடலாம்.” சண்டைக்கு வந்தவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, கொல்லையில் அடி எண்ணிக்கொண்டு அவருடன் நடந்து போனார்.

இரண்டாவது சோதனையில் பயணி உண்டு. கோழி முட்டை. “முட்ட ஒடையாம திரும்பினா மனுசனும் திரும்பலாம்” என்று அதைப் பஞ்சுக் கழிவில் பொதிந்து, பழைய வேட்டித் துணியில் பாராசூட் மாதிரி குடையும் கட்டினார். இரண்டு முட்டைகள் உயிரை விட்டன. மூன்றாவது முழுசாக இறங்கியது. ஓடிப்போய் ஷெட் கதவில் சாக்பீஸால் ‘பயணி நலம்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினால் முட்டையைக் காணோம். கேன்டீன் மாஸ்டர் அதை ஆம்லெட் போட்டுவிட்டார். மறுபடி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. கதவில் எழுதியதை மட்டும் அழிக்கவில்லை. “எறங்கறப்ப நலம். அப்பால நடந்தது நம்ம டிபார்ட்மென்ட் கெடையாது” என்றார்.

வினை மூன்றாவது கட்டத்தில் வந்தது. அதைச் செய்து பார்க்க முடியாது என்பதால் திட்டம் முழுவதையும் ஒரு பேக்கிங் அட்டையின் பின்பக்கம் எழுதி, கம்ப்ரசருக்கு மேலே மாட்டி வைத்தார். சந்திரன் என்று முழுசாக எழுத அட்டையில் இடம் போதவில்லை. ‘ச’ என்று சுருக்கிவிட்டார்.

எங்கள் மேனேஜர் பெயர் சதாசிவம்.

பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தொழிலாளர்கள் மேனேஜரைச் சுற்றி உட்கார்ந்து, காலையிலிருந்து மாலை வரை பச்சைத் தண்ணீருக்குக்கூட நகர விடாமல் கெரோ செய்திருந்த சமயம் அது. எங்கள் மேனேஜர் நான்கு பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தாலே ரூமுக்குள் போய்விடுவார். அப்படிப்பட்டவர் ரவுண்ட்ஸ் வந்தபோது கண்ணில் பட்ட அட்டை இது:

‘ச-வை ஆளில்லாமல் சுற்றுதல் – முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ச-வை நான்கு பேர் சுற்றிவிட்டுத் திரும்புதல் – தயார். ச மேல் இரண்டு பேர் இறங்குதல் – கடைசியில்.’

கீழே நான்கு பெயர்கள். வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர், கூட்டிப் பெருக்குகிற கன்னியம்மா, நான்.

மறுபடியை அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள். மறு வாரம் விசாரணை. அதில் நடப்பதை எழுதும் குமாஸ்தாவும் நானேதான். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. என் பெயர் உள்ள சதித் திட்டத்தை நானே பதிவு செய்ய உட்கார்ந்தேன்.

மேனேஜர் மேஜைக்குப் பின்னால், கதவுக்குப் பக்கமாக உட்கார்ந்திருந்தார். “சொல்லுய்யா, இந்த ‘ச’ யாரு?”

“சந்திரன் சார்.”

“எந்தச் சந்திரன்? எங்க இருக்கான்?”

“மேல கீது சார்.”

மேனேஜர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். “மாடியில ஸ்டோர்ஸ்தானே இருக்கு? அங்க சந்திரன்னு யாரும் இல்லையே!”

“அதுக்கும் மேல சார். அல்லாத்துக்கும் மேல.”

மேனேஜர் அட்டையை எடுத்து முதலிலிருந்து படித்தார். இன்னொரு முறை படித்தார். “அப்போ... நீங்க சுத்தப்போறது என்னை இல்லையா?”

“உங்கள சுத்தி இன்னா சார் ஆவப்போவுது?”

மேனேஜர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் முகத்தில் லேசான ஏமாற்றம். அதைப் பதிவு செய்வதா வேண்டாமா என்று புரியாமல் பேனாவை மூடினேன்.

அதோடு விசாரணை முடிந்திருக்க வேண்டும். மேனேஜருக்கு விட மனசில்லை. “அவ்வளவு தூரம் போயிட்டு இறங்காம ஏன்யா திரும்பணும்?”

“திரும்பி வர்ற வழி மொதல்ல சரியா கீதான்னு பாக்கணும் சார். எறங்குறத எப்ப வேணா எறங்கலாம்.”

“சரி. இறங்குற ரெண்டு பேர் யார்?”

“ஒண்ணு கன்னியம்மா.”

“கன்னியம்மாவா?”

“அங்க முழுக்க தூசுதான் சார். தூசப் பத்தி நம்ம கம்பெனில கன்னியம்மாக்கு மேல யாருக்குத் தெரியும்? இன்னோண்ணு நம்ம டைம் ஆபீஸ் சார். லேட்டா வந்தவன் அவருக்கு வேண்டியவனா இருந்தாலும் லேட்டுன்னுதான் எழுதுவாரு. அங்க பாத்தத பாத்தமேரி எழுத அந்தமேரி ஆளு வேணும்.”

அதற்காகவே பாதிப் பேர் என்னோடு பேசாத கம்பெனி அது. அதை ஒரு தகுதியாக எடுத்துச் சொன்ன முதல் ஆள் அவர். நான் குனிந்து எழுதுவது போல் பாவனை செய்தேன்.

மேனேஜர் தீர்ப்பை எனக்கு டிக்டேட் செய்தார்: “குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. இவரை வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். சந்திரனைக் குறித்து நிர்வாகத்துக்குக் கருத்து எதுவும் இல்லை.”

வெளியே வந்ததும் கேட்டேன். “எல்லார் பேரும் இருக்கு, உங்க பேரைக் காணோமே?”

“நான் எப்டி சார் வர்றது? அல்லாரும் மேல பூட்டா, நீங்க அங்கேர்ந்து கூப்ட்டா பதில் சொல்ல கீழ ஒரு ஆளு வேணாவா?” என்றார், சாதாரணமாக. அவருடைய சாதாரணம் கேட்டில் நின்ற வாட்ச்மேனுக்கும் கேட்டது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. மொழி தெரியாது, ஆள் தெரியாது. கிளம்புகிற அன்று மறுபடி என் சட்டைப் பையில் ஒரு தபால் கார்டைச் செருகினார். விலாசத்தை அவரே எழுதியிருந்தார். “போயி எறங்கினதும் போடுங்க சார்.” போட்டேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது: ‘தகவல் கிடைத்தது. இங்கே எல்லாம் தயார். பயப்பட வேண்டாம்.’ என்ன தயார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அன்று ராத்திரிதான் பம்பாயில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு கார்டும் வரவில்லை. இறங்கியதும் ஒரு வரி போடச் சொல்லி அவர் சட்டைப் பையில் நானும் ஒரு கார்டு செருகியிருக்க வேண்டும்.