ஏழாம் படியில் அனுமதியின்றி ஏறியது குறித்து

பழவேற்காடு,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மனநல ஆலோசகர் சரண்யா மேடம் அவர்களுக்கு, புதன்கிழமைதோறும் பதினொன்றரை மணிக்கு வரும் மாசிலாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி வசந்தாவும் நலம். தாங்களும், எனக்கு மாத்திரை எழுதிய டாக்டரும் நலமாக இருக்க வேண்டும். ஆனாலும் இது புகார்க் கடிதம்.

போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் என் போட் கவிழ்ந்ததும், அதிலிருந்து தண்ணீரைப் பார்த்தாலே நெஞ்சு இறுகி, மாரடைப்பு என்று மூன்று முறை ஈசிஜி எடுத்ததும், மூன்றிலும் இதயம் நன்றாக இருக்கிறதென்று சொல்லி என்னைத் தங்களிடம் அனுப்பியதும் தாங்கள் அறிந்ததே. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். தாங்கள் பயத்துக்கு ஏழு படி எழுதிக் கொடுத்தீர்கள். முதலில் கரையில் நிற்பது, பிறகு முழங்கால் தண்ணீரில் நிற்பது, மூன்றாவது, கட்டிப்போட்ட போட்டில் தினம் அரைமணி உட்காருவது. ஏழாவதாகத் தனியாக முகத்துவாரம் வரை போவதை ஆவணிக்கு மேல் பார்க்கலாம் என்றீர்கள்.

மூன்றாம் படியிலேயே மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். வசந்தாவின் தம்பி தாமோதரன் வலையை உலர்த்திக்கொண்டே பார்ப்பான். "இன்னா மாமா, கட்டிப்போட்ட போட்ல குந்திக்கினு இருக்கத்துக்கு ஒரு டாக்டரா?" என்று ஒருநாள் கேட்டான்.

வியாழக்கிழமை காலை கயிறு அவிழ்ந்துவிட்டது. முடிச்சுப் போட்டவன் தாமோதரன். கச்சான் காற்று மேற்கிலிருந்து தள்ளுகிறது, போட் முகத்துவாரத்தைப் பார்த்துப் போகிறது, எஞ்சின் கழற்றி வீட்டில் இருக்கிறது, போட்டை ஊன்றித் தள்ளும் கோல் கரையில் கிடக்கிறது, நெஞ்சு இறுகுகிறது, விரல் மரத்துப் போகிறது, தாங்கள் சொன்னபடி நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடலாம் என்று ஆரம்பித்தவன், எங்கே நிறுத்துவது என்று மறந்து நூற்றுப் பதினெட்டு வரை எண்ணிவிட்டேன். பயம் வந்தால் தப்பி ஓடாதீர்கள், அது ஏறித் தானாக இறங்கும் என்றீர்கள். ஓட அங்கே இடம் எங்கே மேடம்? அலை உடையும் வெள்ளைக் கோடு தெரிந்தது. கரையில் வசந்தா ஓடி வருவது தெரிந்தது, குரல் மட்டும் கேட்கவில்லை. அழுதேன். வாந்தி எடுத்தேன். அதற்கு மேல் ஏறப் பயத்துக்கு இடமில்லை போலிருக்கிறது, கை என் பேச்சைக் கேட்டது. அடிப்பலகை ஒன்றைப் பெயர்த்துத் துடுப்பாகப் போட்டு மணல் திட்டுப் பக்கம் திருப்பினேன். ஆழம் குறைந்ததும் குதித்து, இடுப்புத் தண்ணீரில் போட்டை இழுத்துக்கொண்டே நடந்து வந்தேன். வசந்தா திட்டவில்லை.

"மூச்சு வுடுயா. மொதல்ல மூச்சு வுடு" என்று முதுகைத் தடவினாள்.

ஆகவே நான்கையும் ஐந்தையும் ஆறையும் பார்க்காமலே ஏழாம் படியை முடித்துவிட்டேன். இனி புதன்கிழமை வரமாட்டேன். மாத்திரையையும் நிறுத்தப் போகிறேன். தாமோதரனுக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. தங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு குறையும் வராமல் எல்லையம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
குணமடைந்துவிட்ட மாசிலாமணி

பி.கு.: முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. அவிழ்த்தது நான். சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை மேடம். கட்டிப்போட்ட போட்டிலேயே காலம் போய்விடுமோ என்ற பயம், தண்ணீர்ப் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். வசந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு நாளாகக் கரைப் பக்கமே போகவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். புதன்கிழமை பதினொன்றரை மணியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.