இழுத்துவிட்ட படுக்கையறை

வழவழப்பான காகிதத்தை நம்பக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிவகாசியில் முப்பது வருடம் ஆப்செட் அச்சகத்தில் மேனேஜராக இருந்தவன் நான். வெளிறிப்போன மாம்பழத்தைப் பழுக்க வைத்திருக்கிறேன். நரைத்த ஜவுளிக்கடை முதலாளிகளைக் காலண்டரில் மாப்பிள்ளைகளாக்கியிருக்கிறேன். பட்டாசுப் பெட்டியின் மேல் புஸ்வாணம் எழும்பும் உயரத்துக்குப் பெட்டிக்குள் இருக்கும் புஸ்வாணம் ஒருநாளும் எழும்பியதில்லை. அதிலும் எனக்குப் பங்குண்டு. அப்படிப்பட்டவன் சொந்தமாக வாங்கிய முதல் ஃப்ளாட்டை, தானே அச்சடித்த படத்தைப் பார்த்து வாங்கினான். (கணிதத்தில் எம்.எஸ்ஸி. வேறு. யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். விருதுநகர் பைபாஸ் பக்கம் அடுக்குமாடி கட்டுகிற கம்பெனி ஒன்று, விளம்பரப் புத்தகம் அடிக்க எங்களிடம் வந்தது. தீபாவளி சீசன். மெஷின்கள் எல்லாம் பட்டாசு லேபிள்களில் மூச்சுவிட முடியாமல் ஓடிக்கொண்டிருந்தன. நடுப்பக்கம் இரண்டையும் அடைத்துக்கொண்டு வர வேண்டிய படுக்கையறைப் படம், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒடுங்கி நெட்டையாக இருந்தது. வேறு படம் கேட்டு வாங்க நேரமில்லை.

டிசைனர் ஜமாலிடம், "ரெண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்துவிடு ஜமாலு" என்றேன்.

"இழுத்தா செவத்துல இருக்க கடிகாரம் முட்டையாயிரும் அண்ணாச்சி."

"ஆகட்டும்ப்பா. வீடு வாங்க வாரவன் மணியா பாக்கப் போறான்?"

ஜமால் இழுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் நுழையாமல் இருந்த சந்து, இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கிற பாதையானது. நான் அடுத்த ஆர்டருக்குப் போய்விட்டேன்.

அச்சகத்துக்காரன் வீட்டில் அலமாரித் தட்டில் விரிக்கக் காகிதம் வாங்குவதில்லை. மெஷினில் கழிந்த தாள்தான். எங்கள் மளிகைத் தட்டில் அந்த மாதம் இந்தப் படுக்கையறை விரிந்திருந்தது. ஒருநாள் உளுந்து டப்பாவை எடுத்த என் மனைவி கோமதி, டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுத் தாளை உருவினாள்.

"ஏங்க, இந்த ரூமு எங்கன இருக்கு?"

இதைச் சொல்வதற்கு முன் கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு அடுப்படி. என் அம்மா, தம்பிகள், பிறகு பிள்ளைகள், சீசனுக்கு வேலை தேடி வந்து தங்கும் சொந்தக்காரர்கள் என்று அவள் பாயைத் தாண்டாமல் யாரும் கொல்லைப்பக்கம் போனதில்லை. அவள் அம்மா சீதனமாகக் கொடுத்த தேக்குக் கட்டில் எங்கள் வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல், எம். புதுப்பட்டிப் பக்கம் அவள் அண்ணன் வீட்டிலேயே கிடந்தது. என்னிடம் நகை கேட்டவள் இல்லை. "எங்க அம்மா குடுத்த கட்டில்ல, கதவைச் சாத்திக்கிட்டு ஒரு நாளாவது படுக்கணும்" என்பாள். அவ்வளவுதான் அவள் ஆசை.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கடிகாரம் ஏன் முட்டை மாதிரி இருக்கு?"

"அது புது மாடல்" என்றேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. கேவலம் என்னவென்றால், சில நாட்களில் நானே நம்ப ஆரம்பித்தேன். புரூப், பிளேட், அடுக்கடுக்காகக் கட்டிய பண்டல்கள் என்று எங்கே திரும்பினாலும் அந்த அகலமான அறை. இத்தனை பிரதிகள் சேர்ந்து பொய் சொல்லுமா என்று தோன்றிவிட்டது. அட்வான்ஸ் கொடுத்தோம்.

கோமதியின் அண்ணன் பெருமாள்சாமி விவசாயி. காலால் மிதித்து அளந்து நிலம் வாங்கிப் பழகியவர். விஷயம் கேள்விப்பட்டதும் முதலில் கேட்டது, "எத்தனை சென்ட்டு மாப்ள?"

"சென்ட் கணக்கு இல்ல மச்சான். மூணாவது மாடி. நிலத்துல நமக்குப் பிரிக்காத பங்கு உண்டு."

"அப்ப உங்க பங்கு எதுன்னு உங்களுக்கே தெரியாதாக்கும்."

"தெரியாது."

"அதுல ஒரு வாழைக்கன்னு வைக்கலாமா?"

"முடியாது மச்சான்."

"படிச்ச மனுசன் வாங்குதீக, சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது.

சுவர் எழும்பியதும் பார்க்கப் போனோம். படுக்கையறை என்று காட்டிய இடத்தில் சிமெண்ட் மூட்டை நாலு கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே நுழைந்ததும் கம்பெனிப் பையன் வெளியே போக வேண்டியதாயிற்று. வெளியே நின்றபடியே, "செங்கல்ல பாத்தா சின்னதாத்தான் சார் தெரியும். பூச்சு முடிஞ்சா பெரிசா தெரியும்" என்றான். பூச்சு முடிந்ததும் போனோம். "வெள்ளை அடிச்சா பெரிசா தெரியும்." வெள்ளை அடித்ததும் போனோம். "லைட்டு போட்டா தெரியும் சார்." சுவரில் பூச்சு ஏறினால் அறை சுருங்கத்தானே செய்யும் என்று ஒரு கணிதப் பட்டதாரிக்குத் தோன்ற வேண்டாமா? நான் தலையை ஆட்டினேன்.

வெளியே வரும்போது கோமதி கேட்டாள். "அம்மா கட்டில் போகும்ல? போட்டா கதவு சாத்தும்ல? நீங்க அளந்து பாத்தீகளா?"

"அளந்தாச்சு. தாராளமாப் போகும்."

என் பைக்குள் டேப் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அளக்க வேண்டும் என்றுதான் எடுத்து வந்தேன். அங்கே வந்தபின் அதை வெளியே எடுக்கப் பயமாக இருந்தது.

அதோடு விட்டேனா. படத்தில் உள்ள மாதிரியே முட்டைக் கடிகாரம் வேண்டும் என்றாள். கடிகாரம் என்றால் வட்டம், சதுரம் என்றிருக்கும் உலகத்தில், முட்டை வடிவத்தைத் தேடி மதுரைக் கடைவீதிகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். "கல்யாணத்துக்கா சார்?" என்று ஒரு கடைக்காரர் அனுதாபத்தோடு கேட்டார். கடைசியில் ஒன்று கிடைத்தது. என் பொய்க்கு நானே காசு கொடுத்துச் சாட்சி வாங்கி வந்தேன்.

பால் காய்ச்சுகிற நாள். பெருமாள்சாமி மச்சான் கட்டிலைக் கழற்றி, தெரிந்தவரின் பட்டாசு லோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேனில் 'வெடிபொருள்' என்று எழுதியிருந்ததால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. (கட்டிலைத் தட்டிக் காட்டி, "இதுவா வெடிக்கும்?" என்று மச்சான் கேட்டார். அன்று அதுதான் வெடித்தது.) லிஃப்ட்டில் நுழையாமல் மூன்று மாடி படியில் தூக்கி, அறைக்குள் வைத்து மறுபடி பொருத்தினார்கள். கோமதி புதுப் போர்வையோடு வாசலில் காத்திருந்தாள்.

சாத்திப் பார்க்கக் கதவைத் தள்ளினேன். கட்டில் காலில் முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கதவு பாதி வழியில் நிற்க, அதற்கப்பால் ஆள் நுழைகிற திறப்பு அப்படியே கிடந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது ஜன்னல் திறக்கவில்லை, கதவும் சாத்தவில்லை.

"ஒரு வழி இருக்கு மாப்ள" என்றார் மச்சான். "கட்டிலை நட்டமா நிறுத்திட்டா கதவு சாத்திரும்."

"எப்படிப் படுக்கிறது?"

"நின்னுக்கிட்டுத்தான்."

சொந்தபந்தம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பெனிக்காரனைத் திட்ட ஆரம்பித்தேன். படத்தில் ஒன்று காட்டி நிஜத்தில் ஒன்று கட்டியிருக்கிறான், கோர்ட்டுக்கு இழுப்பேன், படித்தவனை ஏமாற்ற முடியாது என்றெல்லாம் நியாயம் பேசினேன். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஜமால், கையில் அல்வாப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார்.

அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடப் பாவி அண்ணாச்சி" என்று மனம்விட்டுச் சிரித்தார். "நாம படத்துல இழுத்துவிட்ட கடிகாரத்தை நெசமாவே வாங்கிட்டீகளா?"

அந்த அறையில் காற்றுக்கே இடமில்லை. சொந்தக்காரர்களை விலக்கிக்கொண்டு கோமதி முன்னே வந்தாள்.

"எம்புட்டு இழுத்தீக தம்பி?"

சிரிப்பு நின்று ஜமால் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி சொன்ன அளவுக்குத்தான் மதினி."

கோமதி என்னிடம் திரும்பினாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "அளந்தேன்னு சொன்னீகளே" என்றாள். புதுப் போர்வையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

கட்டில் காலை அறுத்துவிடலாம் என்றேன். அறை சின்னதானது கட்டிலின் குற்றமா என்றாள். கதவைக் கழற்றித் திரைச்சீலை போடலாம் என்றேன். அவள் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மாலையில் வந்தவர்கள் போனபின், அண்ணனைக் கூப்பிட்டுக் கட்டிலை ஹாலில் போடச் சொன்னாள். ஒரு பாயை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு முழுசாகச் சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து இந்த ஏற்பாடுதான். மாமியார் வீட்டுத் தேக்குக் கட்டிலில், வாசலுக்கு நேராக, ஊரறியப் படுத்திருக்கிறேன். சிலிண்டர் போட வருபவரும் கூரியர் கொண்டு வருபவரும், "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறார்கள். முட்டைக் கடிகாரம் என் தலைமாட்டுக்கு மேல் வந்துவிட்டது. யார் மாட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டிலும் கதவும் ஒன்றாகக் கேட்டவளுக்கு ஒன்றைத்தான் கொடுக்க முடிந்தது. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். ஆனாலும் அந்த மடித்த போர்வை கண்ணில் வந்துபோகும்.

சிரிப்புக்குக் குறைவில்லை. மகள் ஊரிலிருந்து வந்தால், தோசை சிறிதாகிவிட்டால், "அப்பாகிட்டக் குடும்மா, இழுத்துவிடுவாக" என்கிறாள். பேரனுக்குச் சட்டை இறுக்கிப் பிடித்தாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். மச்சான் போன் பண்ணினால் நலம் விசாரிப்பதற்கு முன், "ரூமு வளந்துருச்சா மாப்ள?" என்கிறார்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் ஹாலில் தாங்க முடியாத வெக்கை. கோமதி வழக்கம்போல் உள்ளே சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"கோமதி, நானும் ஒரு ஓரமா வந்து படுத்துக்கிடட்டுமா?"

உள்ளேயிருந்து, கண்ணைத் திறக்காமலே பேசுகிற குரல்.

"உள்ள இடம் இல்லைங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்துவிட்டுட்டு வாங்க."